மணம்: நன்று

ஜூலை 8, சனி

டாக்டர் நோட்டுப் போடச் சொன்னார், போட்டாயிற்று. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். மூக்கு நீளமான சாமி, பார்த்துக்கொள்ளட்டும்.

ஜூன் மாதக் காய்ச்சலோடு என் மூக்கு போய்விட்டது. சளி இல்லை, அடைப்பு இல்லை, மூச்சு தாராளமாகப் போய் வருகிறது. வாசனை மட்டும் சுத்தமாக இல்லை. மாவட்ட ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர் சின்ன வயசுப் பெண். உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சிலருக்குத் திரும்ப வரும்மா, சிலருக்கு வராமயும் போகும். வரலைன்னா பழகிக்கிடணும்" என்றது.

"பழகிக்கிட இது என்ன புதுச் செருப்பா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டு ஒரு சீட்டில் நாலு எண்ணெய்களின் பெயரை எழுதிக் கொடுத்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி மோந்து பார்க்க வேண்டும். அந்த வாசனை முன்பு எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துக்கொண்டே மோக்க வேண்டுமாம். குறைந்தது நாலு மாதம். தினமும் என்ன தெரிந்தது என்று நோட்டில் எழுத வேண்டும்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று கடைசியில் கேட்டது. வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 9, ஞாயிறு

பஜாரில் நாட்டுமருந்துக் கடைக்காரர் சீட்டை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாலையும் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தால் ரோஜா எண்ணெய் என்று கொடுத்தது பன்னீர். எலுமிச்சை எண்ணெய் என்று கொடுத்தது கேக்கில் ஊற்றுகிற எசன்ஸ். கிராம்பும் தைலமும்தான் அசல்.

பாட்டிலில் மோந்தால் பாதி காற்றோடு போய்விடுமே என்று, கிராம்பு எண்ணெயை விரலில் தொட்டு மூக்குக்குக் கீழே நன்றாகத் தடவிக்கொண்டேன். வாசனை வரவில்லை. எரிச்சல் வந்தது. தண்ணீரை ஊற்றினால் இன்னும் எரிந்தது. வீட்டுக்காரர் தேங்காய் எண்ணெய் வைத்துத் துடைத்துவிட்டு, "பல்லுல வைக்கிறதுக்கே பஞ்சுல ஒரு சொட்டுதான் வைப்பாக. நீ மீசை வரைஞ்சிருக்க" என்றார். மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிற மனிதருக்கு என் மூக்கைப் பற்றி என்ன தெரியும் என்று சண்டை போட்டேன்.

ஜூலை 10, திங்கள்

மேலுதடு கொப்புளம் போட்டுவிட்டது. முந்தானையால் மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சரி, எழுதிவிடுகிறேன். டாக்டருக்குக் காட்டத் தனியாக ஒரு தாள் எழுதிக்கொள்ளலாம். நான் ஒன்றியத் துவக்கப்பள்ளியில் சத்துணவுச் சமையலர். நாற்பத்து மூன்று பிள்ளைகளுக்கு நானும் உதவியாளர் லூர்துமேரியும் சமைக்கிறோம். அமைப்பாளர் கோகிலவாணி மேடத்துக்கு மூன்று பள்ளிக்கூடம் பொறுப்பு, வாரத்தில் இரண்டு நாள் வந்தால் பெரிய விஷயம். பரிமாறுவதற்கு அரைமணி நேரம் முன்னால், சமைத்தவரும் ஓர் ஆசிரியரும் ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. மணம் என்று ஒரு கட்டம், சுவை என்று ஒரு கட்டம். இரண்டிலும் 'நன்று' என்று நான் எழுதுவேன். தவமணி சார் திங்கட்கிழமை காலையிலேயே வெள்ளி வரைக்கும் ஐந்து கையெழுத்தையும் போட்டு முடித்துவிடுவார். சமையல்கட்டுப் பக்கம் அவர் வந்து நான் பார்த்ததில்லை.

இன்றைக்கும் எழுதினேன். மணம் நன்று, சுவை நன்று. நாக்கில் உப்பும் புளிப்பும் உறைப்பும் தெரிகிறது. மற்றபடி சாம்பாரும் வெந்நீரும் எனக்கு ஒன்றுதான்.

சமையல்காரிக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் மறுநாளே அனுப்பிவிடுவார்கள். பதினாலு வருஷ வேலை. ஒரு காய்ச்சல் வந்து பிடுங்கிக்கொண்டு போக நான் விடமாட்டேன்.

உதட்டில் என்ன என்று லூர்து கேட்டாள். சூடு பட்டுவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேலை இல்லை.

ஜூலை 23, ஞாயிறு

இவர் மதுரைக்கு மோட்டார் சாமான் வாங்கப் போனவர், அசல் ரோஜா எண்ணெயும் எலுமிச்சை எண்ணெயும் வாங்கி வந்துவிட்டார். ரோஜா பாட்டில் சுண்டுவிரல் அளவுகூட இல்லை. விலையைக் கேட்டேன், சொல்லவில்லை.

இப்போதுதான் முறையாக ஆரம்பித்திருக்கிறேன். காலியான தைல டப்பா நாலைக் கழுவிக் காயவைத்து, உள்ளே பஞ்சு வைத்து, ஒவ்வொன்றிலும் ஏழெட்டுச் சொட்டு விட்டு, இறுக்கி மூடி, வெயில் படாமல் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். பெயர் எழுதி ஒட்டியாயிற்று. மூக்கைத் தொடாமல் இரண்டு விரல் தள்ளிப் பிடித்து, முயல் மோப்பம் பிடிப்பதுபோல் சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் கொஞ்சம் சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவதுதான் கஷ்டமாக இருக்கிறது, எனக்கு அது பழக்கமே இல்லை.

ரோஜா: இல்லை. எலுமிச்சை: இல்லை. கிராம்பு: இல்லை. யூக்கலிப்டஸ்: வாசனை இல்லை, ஆனால் சில்லென்று ஏறி, மூக்கின் உச்சியில் முள் மாதிரி ஒன்று குத்துகிறது.

ஜூலை 31, திங்கள்

கிராம்பு லேசாகத் தெரிந்தது.

ஆகஸ்ட் 3, வியாழன்

கிராம்பு நன்றாகவே தெரிந்தது. எலுமிச்சையும் தெரிந்த மாதிரி இருந்தது. வருகிறது. வராமல் எங்கே போகும்?

ஆகஸ்ட் 6, ஞாயிறு

இவர் ஒரு வேலை செய்தார். நாலு டப்பாவிலும் ஒட்டியிருந்த பெயரின் மேல் காகிதத்தைச் சுற்றி, மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "இப்பச் சொல்லு" என்றார்.

முதல் டப்பாவைக் கிராம்பு என்றேன். பிரித்துக் காட்டினார், ரோஜா. இரண்டாவதை எலுமிச்சை என்றேன், அது கிராம்பு. முள் குத்தியதை வைத்து யூக்கலிப்டஸை மட்டும் சொல்லிவிட்டேன். மற்ற மூன்றும் தப்பு. இத்தனை நாளாக நான் மூக்கால் மோக்கவில்லை, ஒட்டின பெயரைக் கண்ணால் படித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"போதும் பேச்சி. வேலைய விட்டுரு. நான் சம்பாதிக்கிறது பத்தும்" என்றார்.

"உங்களுக்குக் கை நடுங்குனா நீங்க மோட்டார விட்டுருவீகளா?" என்று கேட்டேன். எழுந்து வெளியே போய்விட்டார். அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன், வேறு ஒன்றும் இல்லை. பிறகு டப்பாக்களின் மேல் இருந்த பெயரையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் மட்டும் எழுதி வைத்தேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

இந்த லூர்துக்கு வரவர வாய் ஓய்வதில்லை. முன்பெல்லாம் வேலை பார்க்கிற இடத்தில் பேசவே மாட்டாள். இப்போது கிரிக்கெட்டுக்கு வர்ணனை சொல்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் சொல்கிறாள். "பேச்சிக்கா, எண்ணெய் காஞ்சிருச்சு." "பருப்பு வெந்த வாசம் வந்துருச்சுக்கா." "அக்கா, கடுகு கருகப் போகுது, அமத்துங்க." நான் என்ன நேற்றுச் சமைக்க வந்தவளா? முட்டை உரிக்கும்போது ஒவ்வொன்றையும் மூக்குக்கிட்டே கொண்டுபோய்விட்டுத்தான் தட்டில் போடுகிறாள். "என்னடி, முட்டைக்கு முத்தம் கொடுக்கிற?" என்று கேட்டேன். "சும்மாக்கா" என்றாள்.

அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் தெருவுக்கே தெரியும்.

மணம் நன்று, சுவை நன்று.

ஆகஸ்ட் 26, சனி

டாக்டர் பெண்ணிடம் போனேன். அந்த முள்ளைப் பற்றிச் சொன்னேன். "அது வாசனை நரம்பு இல்லம்மா. நெடி, எரிச்சல், குளிர்ச்சி இதெல்லாம் தெரியிற நரம்பு வேற. அது உங்களுக்கு நல்லாவே இருக்கு" என்றது.

"ஏதோ ஒண்ணாவது மிச்சம் வச்சிருக்கே, அதுவரைக்கும் சந்தோசம்" என்றேன்.

மூன்று டப்பாவில் ஒன்றும் இல்லை என்றதும், மனதைத் தளர விட வேண்டாம் என்றது. என் மனதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம், மருந்து இருந்தால் சொல்லு என்று சொல்லிவிட்டு வந்தேன். மருந்து இல்லையாம், இதுதானாம். சரி, இதையே செய்கிறேன்.

செப்டம்பர் 4, திங்கள்

ரோஜா இல்லை. எலுமிச்சை இல்லை. கிராம்பு இல்லை. முள் இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

லூர்துவின் மகளுக்குத் தூத்துக்குடியில் பிரசவம். பத்து நாள் லீவு. மாற்று ஆள் அனுப்புவதாகக் கோகிலவாணி மேடம் சொல்லியிருக்கிறார். அனுப்பமாட்டார்.

கிளம்புகிறவள் கிளம்பாமல் ஒரு மணி நேரம் சமையல்கட்டையே சுற்றிச் சுற்றி வந்தாள். "எண்ணெய் டின்னை மோந்து வச்சிட்டேன்கா, நல்லாருக்கு. பருப்பு புதுசு. முட்டைய தண்ணியில போட்டுப் பாருங்க, மிதந்தா எடுத்துருங்க. எதுனாலும் தவமணி சார கூப்பிடுங்க, சங்கடப்படாதீக." வாசல் வரைக்கும் போய்விட்டு, திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேரக்குழந்தை வருகிற நேரத்தில் எனக்காக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாள், பைத்தியம்.

செப்டம்பர் 13, புதன்

மேலே இருந்து யாரோ பார்வைக்கு வருகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தைக் கழுவிவிட்டார்கள். யாரும் வரவில்லை. மாற்று ஆளும் வரவில்லை. தனியாகச் சமைத்தேன். மணம் நன்று, சுவை நன்று.

செப்டம்பர் 14, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதப்போகிறேன்.

சாம்பார் சாதம். சோற்றைத் தனியாக வடித்து, பிறகு சாம்பாரில் கிளறுவது என் வழக்கம். அரிசியை மூன்று தண்ணீர் களைந்தேன். தண்ணீர் வெள்ளையாகப் போனது, அரிசி களைந்த தண்ணீர் பின்னே எப்படிப் போகும்? பதினொன்றே முக்காலுக்குப் பானையைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. மூக்கின் உச்சியில் முள் குத்தியது.

மூடிவிட்டேன். வெறும் சூடாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி திறந்து, முயல் மாதிரி, சின்னதாக இழுத்தேன். குத்தியது. நாலாவது டப்பாவில் குத்துகிற அதே இடம். சோற்று ஆவி அப்படிக் குத்தாது. பக்கத்தில் மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. ஒரு பருக்கையை வாயில் போட்டேன். எனக்கு என்ன தெரியும்? வெந்திருந்தது, அவ்வளவுதான்.

பதிவேட்டைப் பார்த்தேன். தவமணி சாரின் கையெழுத்து திங்கட்கிழமையே உட்கார்ந்துவிட்டது. என் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. இரண்டு மாதமாக 'நன்று' என்று எழுதின கை, இன்றைக்கும் எழுதியிருக்கும், அந்த முள் மட்டும் இல்லாவிட்டால். வெளியே பிள்ளைகள் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது.

நாலாம் வகுப்புக்குப் போனேன். சார் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், சோத்தைக் கொஞ்சம் வந்து பாருங்க."

"கையெழுத்துப் போட்டுட்டேனேம்மா."

"கையெழுத்து கெடக்கட்டும். வந்து மோந்து பாருங்க."

"நீங்க பாத்தா போதும்மா. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிரப் போகுது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றேன். "காய்ச்சல்ல மூக்குப் போயிருச்சு. ஜூன் மாசத்துல இருந்து எனக்கு ஒரு வாசமும் தெரியாது. இப்ப வாங்க."

பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே வந்தார். பானையைத் திறந்தேன். ஒரு இழுப்புத்தான், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"பினாயில்மா இது."

சாமான் அறையில் போய்ப் பார்த்தோம். நேற்றுக் கழுவியவர்கள் பினாயில் கேனை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூடியைச் சரியாகத் திருகவில்லை. கேன் மூட்டைக்கும் சுவருக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தது, மூட்டையின் சுவர்ப்பக்கம் முழுக்க இறங்கியிருக்கிறது. பினாயிலும் தண்ணீரில் கலந்தால் வெள்ளை, அரிசித் தண்ணீரும் வெள்ளை. அந்த அறைக்குள் நுழைந்தாலே நெடி தூக்குகிறது என்றார் சார். காலையில் நான் அங்கே நின்று நாலரைக் கிலோ அளந்து எடுத்தேன். குனிந்து அளந்தேன், அதுவும் ஒரே நிமிஷம். ஆவியில்லாமல் அந்த முள்ளும் குத்தவில்லை.

சோறு முழுவதையும் குழி வெட்டிக் கொட்டச் சொன்னேன். வேறு மூட்டை பிரித்தேன். அரிசியை முதலில் சார் மோந்தார், பிறகு உலையில் போட்டேன். ஒன்றே முக்காலுக்குப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். பசியில் இரண்டு வாண்டுகள் அழுதுவிட்டார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை.

பதிவேட்டில் மணம் என்ற கட்டத்தில், 'எனக்கு வாசனை தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 15, வெள்ளி

கோகிலவாணி மேடம் எட்டரைக்கே வந்துவிட்டார். பதிவேட்டை என் முன்னால் விரித்து வைத்தார்.

"ரெண்டு மாசமா 'நன்று நன்று'ன்னு எழுதியிருக்கீங்களே, இது என்னம்மா?"

"பொய்தான் மேடம்."

இப்படிச் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. "பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகியிருந்தா?" என்றார்.

ராத்திரி முழுக்க என்னையே நான் கேட்ட கேள்வி அது. வேலை போய்விடும் என்று பயந்தேன், அந்தப் பயத்தில் நாற்பத்து மூன்று தட்டை மறந்துவிட்டேன். அது என் தப்பு. யார் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

ஆனால் அதற்குப் பிறகு அவர், "ஒடம்புக்கு முடியலைன்னு நீங்களா எழுதிக் குடுத்துட்டுப் போயிருங்க. உங்களுக்கும் மரியாதை, எங்களுக்கும் பிரச்சினை இல்லை" என்றார். அங்கேதான் எனக்குச் சுர்ரென்றது.

"என் மூக்கு ஜூன்லதான் மேடம் போச்சு. அதுக்கு முன்னாடி பதினாலு வருசமா இந்தச் சட்டியப் பக்கத்துல வந்து மோந்த ஆளு யாரு? எழுதிக் குடுக்க மாட்டேன். கூப்பிட்டு விசாரிங்க, வர்றேன்."

சாயங்காலம் லூர்து போன் போட்டாள். பேத்தி பிறந்திருக்கிறதாம். இங்கே நடந்ததைச் சொன்னேன். என் மூக்கைப் பற்றியும் சொன்னேன். "அது எனக்கு ஆடி பொறக்குறதுக்கு முந்தியே தெரியும்கா" என்றாள். "கொழம்பு அடிப்பிடிச்சு நாறுது, நீங்க பாட்டுக்குக் கிளறிக்கிட்டு நிக்கிறீக. சொன்னா நீங்க சண்டைக்கு வருவீக, அதான் வாயால சொல்லிக்கிட்டே இருந்தேன்."

போனை வைத்த பிறகு இந்த நோட்டில் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதியை எடுத்துப் படித்தேன். அடிக்கலாமா என்று இருந்தது, அவளை அல்ல.

செப்டம்பர் 19, செவ்வாய்

ரோஜா இல்லை. எலுமிச்சை இல்லை. கிராம்பு இல்லை. நிறுத்திவிடலாமே என்றார் இவர். நிறுத்தமாட்டேன் என்றேன். பஞ்சில் எண்ணெய் காய்ந்துவிட்டது, புதிதாக விட்டேன்.

செப்டம்பர் 22, வெள்ளி

ஒன்றிய அலுவலகத்தில் விசாரணை. இவர் பட்டறையை அடைத்துவிட்டுக் கூட வந்தார். வாசலில், "சத்தம் போடாத. ஆனா விடாத" என்றார்.

விசாரித்த அதிகாரியம்மா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்து, "வாசனை தெரியாதவங்க சமைக்கிறதை எப்படிம்மா நம்புறது?" என்று கேட்டார்.

"நம்ப வேண்டாம்மா" என்றேன். "யாரு சமைச்சாலும் நம்ப வேண்டாம். ரெண்டு பேரு ருசி பாக்கணும்னு விதி போட்டது அதுக்குத்தானே? நான் பொய் எழுதினது தப்பு, தண்டனை குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா மூக்குப் போனது தப்பு இல்லை. வடிக்கிற பதம் கையில இருக்கு, உப்பு புளி நாக்குல இருக்கு. வாசத்துக்கு லூர்து இருக்கா, சார்மாரு மூணு பேரு இருக்காக. அவங்க வந்து மோக்கட்டும்."

தவமணி சாரையும் கூப்பிட்டிருந்தார்கள். என்னைக் கைவிட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்து, "நான் ஒரு நாளும் ருசி பாத்ததில்லை மேடம். முன்னாடியே கையெழுத்துப் போட்டுருவேன். அன்னைக்கு இந்தம்மா கூப்பிடலைன்னா பிள்ளைங்க தின்னிருக்கும்" என்றார். காது சிவந்துபோய்விட்டது மனிதருக்கு.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம், சம்பள உயர்வு ஆறு மாதம் தள்ளி வைப்பு. சாரைப் பற்றி அவர் துறைக்கு எழுதுவார்களாம். இனி ஆசிரியர் சமையல்கட்டுக்கு வந்து, தட்டில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அங்கேயே நின்று எழுத வேண்டும். மணம் என்ற கட்டம் அவர் கையால்தான். வேலை இருக்கிறது. வெளியே வந்து இவரிடம் சொன்னேன், தலையை ஆட்டிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இனிப்பு மட்டும் தெரிந்தது, முழுசாகக் குடித்தேன்.

செப்டம்பர் 26, செவ்வாய்

லூர்து வந்துவிட்டாள். புளிசாதமும் முட்டையும். பன்னிரண்டு அடிக்கத் தவமணி சார் தட்டோடு வந்து, புது மாப்பிள்ளை மாதிரி கூச்சமாக வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டு ஒரு கரண்டி வைத்தேன். குனிந்து மோந்தார். மணம் என்ற கட்டத்தில் தன் கையால் 'நன்று' என்று எழுதினார். பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பேனாவைப் பிடித்தபடி யோசித்தார்.

"உப்பு கொஞ்சம் கூடிருச்சோம்மா?"

லூர்து கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று, நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"உப்பு மூக்கால பாக்குறது இல்ல சார், நாக்கால பாக்குறது. சரியாத்தான் இருக்கு. இன்னொரு வாய் சாப்பிடுங்க."

சாப்பிட்டார். இன்னொரு வாயும் சாப்பிட்டார். தட்டு காலியான பிறகு சுவை என்ற கட்டத்தில் 'உப்பு சிறிது கூடுதல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்திலேயே நான், 'சரியாக உள்ளது' என்று எழுதி, அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

பதினாலு வருஷத்தில் இந்தப் பள்ளிக்கூடத்தில் என் சமையலைக் குறை சொன்ன முதல் ஆள் அவர். குறை சொல்ல வேண்டுமென்றால் முதலில் சாப்பிட வேண்டும். லூர்து மணியடிக்கப் போனாள், நான் தட்டுகளை எடுத்து வைத்தேன்.